தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"விஞ்ஞானம் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள். ஆனால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரிய வேண்டும், பால்மரம் வெட்டிய பாட்டிக்கும் புரிய வேண்டும்" என்று தலைமையாசிரியர் கட்டளையிட்டார். எளிய கட்டளை அல்ல. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன். புரியாவிட்டால் குறை என்னுடையது, உங்களுடையது அல்ல. இன்று நான் பேசப் போவது, வெகு தூரத்தில் இருக்கும், இரும்பும் ஆவியாகிப் போகும் அளவுக்குக் கொதிக்கும் சில கோள்களின் காற்றைப் பற்றி. "அந்தக் காற்று நமக்கு எதுக்குங்க?" என்று யாராவது கேட்டால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்துவிடுவேன்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பிள்ளைகள் அப்போது சின்னவர்கள். அம்மா அப்பாவைக் கேளுங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் நம் ஜோகூரில் வெயில் மங்கிற்று. பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பியாயில் கூடியிருந்தவர்கள் வானத்தில் ஒரு நெருப்பு வளையத்தைக் கண்டார்கள். நிலா சூரியனுக்கு முன்னே வந்து நின்றது. முழுவதும் மூடாமல் ஓரத்தை மட்டும் விட்டுவைத்தது. கர்ப்பிணிப் பெண்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு. கண்ணாடி வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிய வீடுகளும் உண்டு.

ஒன்றை ஒன்று மறைக்கும் இந்த விளையாட்டுத்தான் வானத்தைப் படிக்கும் விஞ்ஞானிகளுக்குப் பெரிய பாடப் புத்தகம். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் இந்தியாவின் குறுக்கே ஒரு முழுச் சூரிய கிரகணம் சென்றது. அதைக் காண்பதற்காகவே பிரான்சு நாட்டிலிருந்து ஜான்சன் என்பவர் ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்து காத்திருந்தார். சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராக இருந்த போக்சன் மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார். சூரியன் மறைந்ததும் அதன் ஓரத்தில் எழுந்து நின்ற தீப்பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது எந்தப் பொருளின் கோடு? நம் சமையலறை உப்பில் உள்ள சோடியத்தின் கோடு போல இருந்தது. ஆனால் அதே இடத்தில் இல்லை. பூமியில் யாரும் அறியாத ஒரு பொருள் சூரியனில் இருக்கிறது என்று பிறகு முடிவு கட்டினார்கள். அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அதே பொருளை இலண்டனில் ராம்சே என்பவர் கையில் பிடித்தது 1895-ல்தான். இடையில் 27 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஹீலியம் பூமியில் இல்லாமலா இருந்தது? இருந்தது. நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கோடு என்பது என்ன? அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் தீ மஞ்சளாக எரியும். ஒவ்வொரு பொருளும் சூடேறும்போது தனக்கென்று ஒரு நிறத்தைக் காட்டும். அந்த ஒளியை வானவில்லைப் போல அகல விரித்துப் பார்த்தால், இரும்புக்கு ஒரு வரிசைக் கோடுகள், சோடியத்துக்கு ஒரு வரிசை, தண்ணீர் ஆவிக்கு ஒரு வரிசை என்று தனித்தனியே தெரியும். இந்த விரிப்புக்கு நிறமாலை என்று பெயர். நம் பாட்டன் பாட்டிமார் சம்பளத்தன்று கைநாட்டு வைத்தார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதத் தெரியாவிட்டாலும் அந்த ரேகை இன்னாருடையது என்று சொல்லிவிடும். நிறமாலைக் கோடுகள் பொருள்களின் கைநாட்டு.

இப்போது நாம் பார்க்கப் போகும் கோள்களுக்கு வருவோம். நம் சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்கள் இருக்கின்றன. மற்ற விண்மீன்களைச் சுற்றியும் கோள்கள் உண்டா? நெடுங்காலம் இது வெறும் ஊகமாகவே இருந்தது. நம் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோளை 1995-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் திதியே கெலோவும் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2019-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இன்று அறியப்பட்ட வெளிக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன.

அவற்றில் ஒரு வகை, வியாழனைப் போன்ற பெரிய வாயுக்கோள்கள். ஆனால் அவை இருக்கும் இடம்தான் வேறு. நம் வியாழன் சூரியனிலிருந்து 77 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் குளிரில் கிடக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. இந்தக் கோள்களோ தங்கள் விண்மீனின் மடியிலேயே கிடக்கின்றன. வாஸ்ப்-18 பி என்று ஒரு கோள், 2009-ல் கண்டுபிடித்தார்கள். நம் வியாழனைப் போலப் பத்து மடங்கு எடை. தன் விண்மீனை அது ஒருமுறை சுற்றிவர 23 மணி நேரம்கூட ஆவதில்லை. பிள்ளைகளே, அங்கே பிறந்தால் நாள் தவறாமல் பிறந்தநாள் கொண்டாடலாம்! ஆனால் கேக் வைக்க முடியாது. அதன் பகல் பக்கத்தில் வெப்பம் சுமார் 2,700 பாகை செல்சியஸ் வரை போகிறது. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல இதுவும் தன் விண்மீனுக்கு ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் விடியாத இரவு.

எவ்வளவு தூரம்? சுமார் 400 ஒளியாண்டு. இன்று நம் தொலைநோக்கிக்கு வந்து சேரும் அதன் ஒளி புறப்பட்டபோது மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. நம் முன்னோர் சஞ்சிக் கப்பலில் ஏறுவதற்கு இன்னும் இருநூறு ஆண்டு இருந்தது.

"அவ்வளவு தூரத்துல இருக்கற கோளோட காத்தை எப்படி சார் பார்ப்பாங்க? யாராவது போய் டின்னுல அடைச்சுக்கிட்டு வந்தாங்களா?" என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் கோள் தனியாகக் கண்ணில் படாது. விண்மீனின் வெளிச்சத்தில் அது கரைந்து போகும். அதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். நம் தாய்மார்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகத் தெரியும். கைக்குழந்தையை எடை போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்கள். தராசில் படுக்க வைத்தால் பிள்ளை உதைத்துக்கொண்டு அழுகிறது. என்ன செய்வார்கள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மாவை ஏறச் சொல்வார்கள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு அம்மாவை மட்டும் நிறுப்பார்கள். கழித்தால் பிள்ளையின் எடை வந்துவிடும்.

அதேதான். விண்மீனும் கோளும் சேர்ந்து இருக்கும்போது ஒளியை அளக்கிறார்கள். கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் மறைந்ததும் விண்மீனின் ஒளியை மட்டும் அளக்கிறார்கள். இரண்டையும் கழித்தால் கோளின் ஒளி. அந்தச் சிறு ஒளியை நிறமாலையாக விரித்துக் கைநாட்டுகளைத் தேடுகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. கோள் விண்மீனுக்கு முன்னே கடந்து போகும்போது, விண்மீனின் ஒளி அந்தக் கோளின் காற்றின் ஊடே புகுந்து வரும். அந்தக் காற்றில் என்னென்ன இருக்கிறதோ அவை தங்களுக்குரிய நிறங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், பிடித்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

இந்த இரண்டாவது வழியில்தான் 2018-ல் ஒரு பெரிய சங்கதி வெளிப்பட்டது. கெல்ட்-9 பி என்ற கோள் இன்னும் கடுமையானது. அதன் பகல் பக்கத்து வெப்பம் சுமார் 4,300 பாகை. நம் சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 பாகைதான். அந்தக் கோளின் காற்றில் இரும்பும் டைட்டேனியமும் ஆவியாக மிதக்கின்றன என்று கண்டார்கள். லா பால்மாத் தீவின் மலை உச்சியில் இருக்கும் ஓர் இத்தாலியத் தொலைநோக்கி அந்த வேலையைச் செய்தது. ஒவ்வொரு கோடும் மிக மெலிசு. தனியாகப் பார்த்தால் தெரியாது. ஆகையால் ஆயிரக்கணக்கான கோடுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். காலைச் சபைகூடலில் ஒரு பிள்ளை முணுமுணுத்தால் கேட்காது. எல்லாரும் சேர்ந்து தமிழ் வாழ்த்துப் பாடினால் சாலை வரை கேட்கிறதே, அது போல.

இரும்பு ஆவியாக இருப்பதில் என்ன நன்மை என்று கேட்கலாம். நம் வியாழனில் கனமான பொருள்கள் எல்லாம் மேகங்களுக்கு அடியில், ஆழத்தில், கண்ணுக்கு எட்டாமல் கிடக்கின்றன. தண்ணீர்கூட அப்படித்தான். 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலத்திலிருந்து ஒரு கருவியை வியாழனுக்குள் இறக்கினார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே தண்ணீர் இருந்தது. வியாழனில் தண்ணீர் இல்லையோ என்று திகைத்தார்கள். உண்மையில் அந்தக் கருவி வறண்ட ஓரிடத்தில் விழுந்திருக்கிறது. பின்னாளில் ஜூனோ விண்கலம் வியாழனின் நடுக்கோட்டுப் பகுதியில் தண்ணீர் நிறையவே உண்டு என்று காட்டிற்று. 2020-ல் அந்த முடிவு வெளியாயிற்று. ஆனால் கொதிக்கும் கோள்களில் அந்தச் சிக்கல் இல்லை. பாறையாகவும் பனியாகவும் ஒளிந்து கிடக்க வேண்டியதெல்லாம் ஆவியாகி மேலே வந்துவிடுகிறது. எந்தப் பொருள் எவ்வளவு என்று கணக்கெடுத்தால், அந்தக் கோள் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று ஊகிக்க வழி பிறக்கிறது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

இனித்தான் நான் சொல்ல வந்த கதை. மீண்டும் வாஸ்ப்-18 பி கோளுக்கு வாருங்கள். அங்கே நீராவி இருந்தாக வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கும் இடத்தில் நீர் உண்டாகாமல் இருக்குமா? ஹப்பிள் தொலைநோக்கியால் பார்த்தார்கள். நீரின் கைநாட்டைத் தேடினார்கள். காணோம்! ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பத் தேடியும் காணோம். 2017-ல் ஒரு குழுவினர், அங்கே கார்பன் மோனாக்சைடு வாயு இருக்கிறது, நீரின் அடையாளம் இல்லை, ஆகவே இது வழக்கத்துக்கு மாறான காற்று என்று எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணில் பட்டதை வைத்து நேர்மையாகச் சொன்னார்கள்.

2018-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து ஆர்க்காஞ்சலியும் அவருடைய கூட்டாளிகளும் அதே கோளின் அளவீடுகளைப் புதுக் கண்ணோடு பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக் காட்டியவை இரண்டு. ஒன்று, அந்தக் கொடும் வெப்பத்தில், காற்று மெலிந்திருக்கும் மேல் அடுக்குகளில், நீரின் மூலக்கூறே உடைந்து போகிறது. பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீர். நீரைச் சூடாக்கினால் ஆவி. ஆவியை ஈராயிரம் பாகைக்கு மேல் கொண்டு போனால் ஆவியும் பிரிந்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் சிதறிப் போகும். ஆனால் எல்லா நீரும் உடைவதில்லை. மிச்சம் உண்டு. அந்த மிச்சம் ஏன் தெரியவில்லை?

அதற்குத்தான் இரண்டாவது காரணம். சாதாரண ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரான் இருக்கும். அந்த வெப்பத்தில் சோடியம், பொட்டாசியம், இரும்பு போன்ற அணுக்கள் தங்கள் எலக்ட்ரானை நழுவ விட்டுவிடும். அனாதையாகத் திரியும் அந்த எலக்ட்ரானை ஒரு ஹைட்ரஜன் அணு பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இப்போது அதனிடம் இரண்டு. இதற்கு எதிர்மின் ஹைட்ரஜன் என்று பெயர் சொல்லலாம். பிடி மிகத் தளர்ந்த பிடி. கொஞ்சம் ஒளி பட்டாலும் எலக்ட்ரான் கழன்று ஓடிவிடும். ஆகவே இது பல நிறத்து ஒளியையும் பாகுபாடில்லாமல் விழுங்கும். விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும்போது தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கியிருக்குமே, அப்போது எதிர் நிரையில் மரம் நிற்பது தெரியுமா? மரம் அங்கேதான் நிற்கிறது. அது போல இந்த ஹைட்ரஜன் மூட்டம் நீரின் கோடுகளை மங்கச் செய்துவிட்டது.

சரி, இந்த மூட்டம் எந்த நிறத்து ஒளியை எவ்வளவு விழுங்கும் என்று துல்லியமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யார்? மாணவச் செல்வங்களே, நிமிர்ந்து உட்காருங்கள். அவர் ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்தார், தமிழ்க் குடும்பம், வளர்ந்ததும் படித்ததும் சென்னையில். பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கே போகாமல் வீட்டில் அப்பா அம்மாவிடம் படித்தவர். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளி, மாநிலக் கல்லூரி. 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1935-ல் இலண்டனில் தன் ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னபோது, அந்நாளில் வானியல் உலகில் பெரியவராக இருந்த எடிங்டன் அதைச் சபையிலேயே எள்ளி நகையாடினார். சந்திரசேகர் மனம் வெதும்பினார். ஆனால் வேலையை விடவில்லை. அமெரிக்கா சென்று யெர்க்கீஸ் வானாய்வு நிலையத்தில் அமர்ந்தார். 1983-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

யெர்க்கீஸில் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்றுதான் இந்த எதிர்மின் ஹைட்ரஜன். சூரியனின் ஒளிக்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று 1939-ல் வில்ட் என்பவர் சொல்லியிருந்தார். சொன்னால் போதுமா? கணக்கு வேண்டாமா? சந்திரசேகரும் அவரோடு ஃபிரான்செஸ் பிரீன் அம்மையாரும் கணக்கிட்டு 1946-ல் அட்டவணையாக வெளியிட்டார்கள். இன்றைய கணினி இல்லாத காலம். மற்ற விண்மீன்களில் கோள்கள் உண்டா என்றே தெரியாத காலம். அவர் சூரியனுக்குப் போட்ட கணக்கு, 70 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவர் மறைந்தும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, கொதிக்கும் கோள்களின் புதிரை அவிழ்க்கத் துணையாக நின்றது.

இதே புதிரில் இன்னொருவர் கையும் இருக்கிறது. எவ்வளவு வெப்பத்தில் எந்த அணு தன் எலக்ட்ரானை இழக்கும் என்று சமன்பாடு எழுதியவர் மேகநாத சாகா, ஆண்டு 1920. அவர் டாக்கா பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிறு மளிகைக்கடைக்காரரின் மகன். "படிச்சது போதும், கடையைப் பாரு" என்ற நிலையில் இருந்த குடும்பம். உள்ளூர் மருத்துவர் ஒருவர் தங்க இடம் கொடுத்ததால் அந்தப் பையன் மேலே படித்தான். இடம் கொடுத்த அந்த மனிதரையும் நாம் மறக்கக் கூடாது.

கதையின் முடிவு என்ன? 2022-ல் ஜேம்ஸ் வெப் என்ற புதிய விண்வெளித் தொலைநோக்கி வாஸ்ப்-18 பி கோளைப் பார்த்தது. 2023-ல் முடிவு வெளியாயிற்று. நீர் இருக்கிறது! கொஞ்சம்தான், உடைந்தது போக மிஞ்சியது. ஆனால் இருக்கிறது. முன்பு பார்த்த கருவிக்கு அந்தக் கூர்மை போதவில்லை. கோள் மாறவில்லை, பார்த்த கண்ணும் போட்ட கணக்கும் மாறின.

இப்போது பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருகிறேன். பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். உழைத்தீர்கள், பெறுகிறீர்கள். ஆனால் நான் முக்கியமாகப் பேச விரும்புவது, இன்று கைதட்ட மட்டும் வந்திருக்கும் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். நாங்கள் இருவரும் தோட்டத்துப் பள்ளியில் படித்தோம். எனக்கு ஆண்டுதோறும் பரிசு கிடைக்கும். அண்ணன் கடைசி வரிசை. கரும்பலகையில் எழுதிப் போட்டதைத் தப்பும் தவறுமாக எழுதுவார். ஆனால் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, இத்தனை ராத்தல், ராத்தலுக்கு இத்தனை காசு என்றால், கிராணி பென்சிலை எடுப்பதற்குள் அம்மாவின் கூலியை வாயாலேயே சொல்லிவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டிலும் சொன்னார்கள், பள்ளியிலும் சொன்னார்கள். ஆறாம் வகுப்போடு நின்றார். மங்கும் வாளியும் தூக்கிக்கொண்டு அம்மாவோடு மரம் வெட்டப் போனார்.

இருபத்தேழாவது வயதில் லாரி ஓட்ட லைசென்சுக்குப் போனபோது கண்ணைச் சோதித்தார்கள். தூரப் பார்வை அறவே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்று எதிரே இருந்த ரம்புத்தான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடேய் தம்பி, இலையெல்லாம் தனித்தனியா தெரியுதுடா!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு ஆண்டுக் காலம் அவர் கரும்பலகையைப் பார்த்ததே இல்லை. நாங்கள் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய நானும் கேட்கவில்லை. அண்ணன் இன்று இல்லை. வாங்கிய பரிசுப் புத்தகங்களை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரம்புத்தான் மரம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நான் எந்த ஆசிரியரையும் குற்றம் சொல்ல வரவில்லை. நல்லவர்கள், ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு மாரடித்தவர்கள். என் பெற்றோரையும் சொல்லவில்லை. விடிவதற்கு முன் போய் இருட்டியபின் வந்தவர்கள். நீரைக் காணோம் என்று எழுதிய விஞ்ஞானிகளைப் போல, அவர்களும் கண்ணில் பட்டதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ஆனால் கோளைத் திரும்பிப் பார்க்க ஐந்து ஆண்டு கழித்து வேறொரு தொலைநோக்கி வந்தது. பிள்ளையை அப்படித் திரும்பிப் பார்க்க யாரும் வரவில்லை என்றால், அந்தக் காலம் போனது போனதுதான்.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் மூன்றே மூன்று வேண்டுகோள். முதலாவது, இந்த விடுமுறையில் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். இரண்டாவது, "இவனுக்கு வராது" என்ற சொல்லை வீட்டில் சொல்லாதீர்கள். ஒரு பரீட்சை ஒரு கருவி. அதில் தெரிந்தது உண்மை. தெரியாததைப் பற்றி அந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது, பிள்ளை ஏதாவது கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் அதட்டாதீர்கள். "நாளைக்கு வாத்தியாரைக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று அனுப்புங்கள்.

சந்திரசேகரின் தாயார் சீதாலட்சுமி அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இப்சன் எழுதிய நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். மகன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகட்டும் என்று தந்தை விரும்பியபோது, அவன் மனம் விரும்பியதைப் படிக்கட்டும் என்று நின்றவர் அந்தத் தாய். மகன் கப்பலேறும்போது அவர் நோயாளி. திரும்பி வரும்வரை தாம் இருப்போமா என்ற நிலையிலும் "போகாதே" என்று தடுக்கவில்லை. மறு ஆண்டே அவர் காலமானார். மகன் கடல் கடந்து இருந்தார். அந்தத் தாய் அன்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விடை கொடுத்திராவிட்டால், நான் இன்று சொன்ன இந்தக் கதையில் பாதி இல்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். வானம் தெளிந்த இரவில் வீட்டுக்கு வெளியே நின்று வியாழனைத் தேடுங்கள். விண்மீன்களைப் போல மினுக்காமல் நிலையாக, மிகுந்த ஒளியோடு நிற்கும். எந்த மாதம் எந்தப் பக்கம் தெரியும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்த தேதியையும் இடத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். காணாவிட்டால் "இன்று தெரியவில்லை" என்று எழுதுங்கள். "இல்லை" என்று எழுதாதீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பிள்ளைதான் விஞ்ஞானி.

 இனி பரிசு வழங்கட்டும். பரிசு வாங்குபவர்களுக்குத் தட்டும் கை, வாங்காத பிள்ளைகளின் முதுகையும் ஒருமுறை தட்டிக் கொடுக்கட்டும்.